தினம் ஒரு தீம்: இலவச கிளாசிக் ராக் இணைய வானொலிக்கு நிகழ்ச்சி அமைக்க முழுமையான வழிகாட்டி

கிளாசிக் ராக் வானொலியைத் தொடர்ந்து கேட்பவர்களுக்கு ஒரு அலுப்பு நன்றாகத் தெரியும். காலையில் கேட்ட பாட்டு சாயங்காலமும் வரும், மறுநாளும் வரும். 1960களின் நடுவிலிருந்து 1980களின் நடுவரை ஆயிரக்கணக்கான நல்ல பாட்டுகள் வந்திருக்கின்றன. ஆனால் பெரும்பாலான வணிக வானொலிகள் சில நூறு பாட்டுகளையே திரும்பத் திரும்பச் சுற்றவிடுகின்றன.

ஆரம்பத்தில் இப்படி இல்லை. 1967இல் சான் ஃபிரான்சிஸ்கோவின் கே.எம்.பி.எக்ஸ். பண்பலையில் டாம் டோனஹ்யூ வந்தபோது, அறிவிப்பாளர் தன் கைக்கு எட்டிய ரெக்கார்டை, முழு நீளத்தில், தனக்குப் பிடித்த வரிசையில் போட்டார். 1970களில் லீ ஏப்ரம்ஸ் போன்ற ஆலோசகர்கள் வந்து எது போட வேண்டும் என்று பட்டியல் கொடுத்தார்கள். 1980களின் நடுவில் ஃப்ரெட் ஜேக்கப்ஸ் 'கிளாசிக் ராக்' என்பதையே ஒரு தனி வானொலி வடிவமாக்கினார். அதற்குப் பின் நேயர் ஆய்வில் தேறிய பாட்டுகள் மட்டும் நிலைத்தன, மற்றவை அலமாரிக்குப் போயின.

தினம் ஒரு தீம் வைப்பது அந்த அலமாரியைத் திறக்கும் வழி. '1971' என்று ஒரு தீம் வைத்தால், அந்த வருடத்தின் நான்கு பிரபலமான பாட்டுகளோடு நிறுத்த முடியாது. மூன்று மணி நேரத்தை நிரப்ப வேண்டுமே! அப்போதுதான் யாரும் போடாத பாட்டைத் தேடிப் போவோம். நேயருக்கும் 'இது ஏன் இப்போது வருகிறது' என்பதற்குக் காரணம் தெரிவதால், தெரியாத பாட்டையும் பொறுமையாகக் கேட்பார். தீம் நிகழ்ச்சியின் பயன் இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். கீழே வரும் படிகள் எல்லாம் இதற்காகத்தான்.

படி 1: தீமை எண்ணிப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்

நல்ல தீம் என்று தோன்றுவது ஒன்று, மூன்று மணி நேரம் தாங்குவது வேறு. ஒரு பாட்டுக்குச் சராசரியாக நான்கு நிமிடம், இடையில் கொஞ்சம் பேச்சு, ஜிங்கிள் (ஸ்டேஷனையோ நிகழ்ச்சியையோ நினைவூட்டும் குட்டி இசைத்துண்டு) என்று வைத்தால் மணிக்குச் சுமார் 12 பாட்டு. மூன்று மணிக்கு 36. இந்த 36ஐ மூச்சைப் பிடித்து நிரப்பினால் தீம் மெலிந்தது என்று அர்த்தம். என் அளவுகோல் இது: தீமை எழுதி, அதன் கீழே 60 பாட்டு எழுத முடிகிறதா பாருங்கள். 60 வந்தால் மூன்று மணி நேரம் கொடுக்கலாம். 25 வந்தால் ஒரு மணி நேரம் போதும். பத்தோடு நின்றுவிட்டால் அது தீம் அல்ல, அரை மணி நேரத்தில் முடிக்க வேண்டிய ஒரு தொகுப்பு.

பாப் டிலன் 2006 மே மாதம் எக்ஸ்.எம். செயற்கைக்கோள் வானொலியில் தொடங்கிய தீம் நிகழ்ச்சி இதற்கு நல்ல பாடம். முதல் தீம் வானிலை. பின்னர் அம்மா, காபி, பேஸ்பால் என்று போனது. ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம், ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு கதை. சாதாரண சொல்லை எடுத்து ஆழமாகத் தோண்டினார். ஆனால் அவர் ப்ளூஸ், கன்ட்ரி, ஜாஸ் என எல்லா வகையிலிருந்தும் எடுத்துக்கொண்டார். நமக்கு ராக் மட்டும் என்பதால் 'தலைப்பில் மழை' மாதிரியான சொல் தீம்கள் சீக்கிரம் வற்றிவிடும். வருடம், ஊர், ஸ்டூடியோ, தயாரிப்பாளர், மேடை என்று இசை பிறந்த சூழலைத் தொடும் தீம்கள்தான் நீடிக்கும்.

நாள் முழுவதும் 24 மணி நேரமும் ஒரே தீம் வைக்க வேண்டாம். மதியம் வந்த நேயருக்கு அது பிடிக்கவில்லை என்றால் அன்று முழுக்கப் போய்விடுவார். மாலையில் மூன்று மணி நேரம் அடர்த்தியாக வையுங்கள். மற்ற நேரத்தில் வழக்கமான சுழற்சி ஓடட்டும், மணிக்கு ஒரே ஒரு பாட்டு அன்றைய தீமிலிருந்து வரட்டும். காலையில் கேட்பவருக்கு மாலையில் என்ன இருக்கிறது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

படி 2: சட்டத்தைப் பார்த்துவிட்டு அட்டவணை போடுங்கள்

பலர் இதைக் கடைசியில் பார்க்கிறார்கள். ஆனால் அமெரிக்காவிலிருந்து ஒலிபரப்பும் இணைய வானொலியில் தீமின் வடிவத்தையே தீர்மானிப்பது 1998ஆம் ஆண்டின் டி.எம்.சி.ஏ. என்ற டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டம். தனித்தனியாக ஒவ்வொரு ரெக்கார்டு கம்பெனியிடமும் அனுமதி கேட்காமல், சட்டப்படியான பொது உரிமத்தில் ஓட்ட வேண்டுமானால் சில வரம்புகளுக்குள் இருக்க வேண்டும்.

எந்த மூன்று மணி நேரத்தை எடுத்தாலும் ஒரு கலைஞர் அல்லது குழுவின் நான்கு பாட்டுக்கு மேல் கூடாது, அதிலும் தொடர்ச்சியாக மூன்றுக்கு மேல் கூடாது. ஒரே ஆல்பத்திலிருந்து மூன்று பாட்டுக்கு மேல் கூடாது, தொடர்ச்சியாக இரண்டுக்கு மேல் கூடாது. அதாவது 'இன்று இரவு முழு ஆல்பம்' என்ற நிகழ்ச்சியும், 'லெட் ஸெப்பெலின் மூன்று மணி நேரம்' என்ற நிகழ்ச்சியும் இந்த உரிமத்தில் முடியாது. பண்பலை வானொலிகள் அதைச் செய்வதைப் பார்த்து ஏமாற வேண்டாம், அவற்றின் வான்வழி ஒலிபரப்புக்கு இந்த வரம்பு இல்லை.

வரப்போகும் பாட்டுகளின் தலைப்புகளை முன்கூட்டியே வெளியிடவும் கூடாது. எடுத்துக்காட்டாக ஓரிரு கலைஞர் பெயரைச் சொல்லலாம், அவ்வளவுதான். பாட்டு ஓடும்போது தலைப்பு, கலைஞர், ஆல்பம் மூன்றும் நேயரின் திரையில் தெரிய வேண்டும். பாட்டு வரிசை முன்பே தீர்மானிக்கப்பட்ட நிகழ்ச்சி ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஓடுவதானால், அறிவித்த நேரங்களில் இரண்டு வாரத்துக்குள் நான்கு முறை போடலாம். ஒரு மணிக்குக் குறைவானால் மூன்று முறை. நிகழ்ச்சியைப் பதிவாகத் தளத்தில் வைப்பதானால் அது ஐந்து மணி நேரத்துக்குக் குறையக்கூடாது, இரண்டு வாரத்துக்கு மேல் இருக்கவும் கூடாது. ஆகவே மூன்று மணி நேரத் தீமைத் தனியாகப் பதிவிட்டு வைக்க முடியாது. மறு ஒலிபரப்புதான் வழி.

கட்டணம் வேறு இருக்கிறது. ஒலிப்பதிவுக்கான தொகையை சவுண்ட்எக்ஸ்சேஞ்ச் என்ற அமைப்பு வசூலிக்கிறது. 2021 முதல் 2025 வரையிலான காலத்தில் ஒரு ஸ்டேஷனுக்கு ஆண்டுக் குறைந்தபட்சக் கட்டணம் 1,000 டாலராக இருந்தது. 2021இல் சந்தா இல்லாத வணிக வானொலிக்கு, ஒரு பாட்டை ஒருவர் கேட்டால் 0.21 சென்ட். எந்நேரமும் 50 பேர் கேட்கிறார்கள், மணிக்கு 14 பாட்டு என்றால் 30 நாளில் 5,04,000 கேட்புகள், அதாவது அந்த விலையில் ஆயிரம் டாலருக்குச் சற்று மேல். லாப நோக்கமற்ற வானொலிகளுக்கு, மாதத்தில் எல்லா நேயர்களும் கேட்ட நேரத்தைக் கூட்டி 1,59,140 மணி நேரம் வரை அந்தக் குறைந்தபட்சக் கட்டணமே அப்போது போதுமானதாக இருந்தது. எந்நேரமும் சராசரியாக 218 பேர் கேட்பதற்குச் சமம் அது. இதைத் தவிர, பாட்டை எழுதியவர்கள் சார்பில் ஆஸ்காப், பி.எம்.ஐ., செசாக், ஜி.எம்.ஆர். ஆகிய அமைப்புகளிடமும் தனி உரிமம் வாங்க வேண்டும்.

நேயருக்கு இலவசம் என்றால் செலவை வேறு யாரோ ஏற்க வேண்டும். 2000ஆம் ஆண்டு தொடங்கிய ரேடியோ பாரடைஸும் சோமா எஃப்.எம்.மும் விளம்பரமே இல்லாமல் நேயர் நன்கொடையில் இன்றும் நடக்கின்றன. தொடங்கும்போதே நன்கொடை வழியைத் திறந்து வைப்பது நல்லது. கணக்கு வழக்கெல்லாம் தலைவலி என்றால் லைவ்365 மாதிரி உரிமத்தையும் சேர்த்தே தரும் சேவைகளை எடுக்கலாம்.

இந்தியாவிலிருந்து நடத்துபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்கப் பொது உரிமம் இங்கே செல்லாது. பதிப்புரிமைச் சட்டத்தின் 31டி பிரிவு வானொலி ஒலிபரப்புக்குத் தரும் உரிமம் இணையத்துக்குப் பொருந்தாது என்று 2019இல் பம்பாய் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐ.பி.ஆர்.எஸ்., பி.பி.எல். போன்ற இசை உரிம அமைப்புகளிடமும் ரெக்கார்டு நிறுவனங்களிடமும் நேரடியாகப் பேசியாக வேண்டும்.

படி 3: பாட்டு நூலகத்தைத் தயார் செய்யுங்கள்

தீம் நிகழ்ச்சியின் உழைப்பில் பாதி இங்கேதான். ஃபைலுக்குள் இருக்கும் விவரங்கள் சரியாக இல்லாவிட்டால் எந்த மென்பொருளும் உதவாது.

முதல் எதிரி, வருடம். லெட் ஸெப்பெலினின் நான்காவது ஆல்பம் 1971 நவம்பரில் வந்தது. ஆனால் உங்களிடம் இருப்பது 2014 ரீமாஸ்டர் (ஒலியை மெருகேற்றிய மறுவெளியீடு) என்றால் ஃபைலில் 2014 என்றுதான் இருக்கும். 1971 தீமுக்குத் தேடினால் அது கண்ணிலேயே படாது. 'மிகச் சிறந்த பாடல்கள்' வகைத் தொகுப்புகளிலிருந்து எடுத்தவை இன்னும் மோசம். மியூசிக்பிரெய்ன்ஸ் தரவுத்தளத்தோடு வேலை செய்யும் பிகார்ட் என்ற இலவச மென்பொருள், முதலில் வெளிவந்த வருடத்தைத் தனி விவரமாக நிரப்பித் தரும். அதை ஓட்டிவிட்டு, சந்தேகமானவற்றைக் கையால் பாருங்கள்.

வருடத்தோடு நிற்காமல், ஒவ்வொரு பாட்டுக்கும் ஊர், ஸ்டூடியோ, தயாரிப்பாளர், மேடைப் பதிவா, வேறொருவர் பாடியதன் மறுபாடலா என்ற விவரங்களையும் சேர்த்துக்கொண்டே வாருங்கள். ஒரேயடியாகச் செய்ய முடியாது. ஒவ்வொரு வாரத் தீமுக்கும் தேடும்போது கிடைத்ததை அப்போதே பதிந்தால், ஒரு வருடத்தில் நூலகம் தானாகப் பேசத் தொடங்கும்.

அடுத்து, எந்த வடிவம் கையில் இருக்கிறது என்று பாருங்கள். டோர்ஸின் 'லைட் மை ஃபயர்' ஆல்பத்தில் ஏழு நிமிடம். சிங்கிளாக வந்தபோது ஆர்கன், கிடார் தனி வாசிப்புகளை வெட்டி மூன்று நிமிடத்துக்குள் சுருக்கினார்கள். தீம் நிகழ்ச்சியில் ஆல்பம் வடிவம்தான் வர வேண்டும் என்பது என் கருத்து. வெட்டியதைத்தான் எல்லா இடத்திலும் கேட்கிறோமே.

சில பாட்டுகள் ஜோடியாகவே பழக்கப்பட்டவை. குயீனின் 'வி வில் ராக் யூ', 'வி ஆர் த சாம்பியன்ஸ்' இரண்டும் 1977 ஆல்பத்தில் அடுத்தடுத்து வருபவை. பிங்க் ஃபிளாய்டின் 1973 ஆல்பத்தின் கடைசி இரண்டு பாட்டுகள் இடைவெளியே இல்லாமல் ஒன்றுக்குள் ஒன்று போகும். இவற்றை ஒரே ஃபைலாக இணைத்து வையுங்கள், கணக்கில் மட்டும் இரண்டு பாட்டு என்று எழுதிக்கொள்ளுங்கள்.

ஒலி அளவும் சமமாக இருக்க வேண்டும். பழைய பதிவுகள் மெதுவாகவும் புதிய ரீமாஸ்டர்கள் சத்தமாகவும் இருக்கும். எல்லா ஃபைலுக்கும் ரீப்ளேகெயின் என்ற ஒலி அளவுத் திருத்தத்தைக் கணக்கிட்டுவிட்டால் நேயர் வால்யூமைத் திருகிக்கொண்டே இருக்க வேண்டாம்.

படி 4: ஏழு நாளுக்கு ஏழு தீம்

நேயர் மனதில் பதிவது கிழமைதான். 'வெள்ளி என்றால் மேடைப் பதிவு' என்று ஆகிவிட்டால் விளம்பரமே தேவையில்லை. கிழமையின் வடிவம் மாறாது, உள்ளே வரும் பொருள் வாராவாரம் மாறும். நான் பரிந்துரைக்கும் வாரம் இது.

திங்கள், ஒரே வருடம். சிகாகோவின் டபிள்யூ.எக்ஸ்.ஆர்.டி. வானொலி சனிக்கிழமைக் காலைகளில் பல ஆண்டுகளாக இதைச் செய்து வருகிறது. தொடங்குவதற்கு 1971ஐ விட நல்ல வருடம் இல்லை. ஜெத்ரோ டல்லின் 'அக்வாலங்' மார்ச்சில், ரோலிங் ஸ்டோன்ஸின் 'ஸ்டிக்கி ஃபிங்கர்ஸ்' ஏப்ரலில், ஆல்மன் பிரதர்ஸின் ஃபில்மோர் ஈஸ்ட் மேடைப் பதிவு ஜூலையில், தி ஹூவின் 'ஹூஸ் நெக்ஸ்ட்' ஆகஸ்டில், டேவிட் போவியின் 'ஹங்கி டோரி' டிசம்பரில். பாட்டுகளை மாத வரிசையில் போடுங்கள். அந்த வருடம் மெல்ல நகர்ந்து போவது நேயருக்குக் கேட்கும்.

செவ்வாய், இரண்டிரண்டு. ஒரே குழுவின் இரண்டு பாட்டு அடுத்தடுத்து. அமெரிக்க ராக் வானொலிகளில் நெடுநாள் வழக்கம் இது. பெரும்பாலான இடங்களில் இரண்டுமே பிரபலமான பாட்டாக இருந்துவிடுகின்றன. முதலாவது எல்லோருக்கும் தெரிந்தது, இரண்டாவது அதே ஆல்பத்தில் ஒளிந்திருப்பது என்று வையுங்கள். தெரிந்ததைக் கேட்ட சூட்டிலேயே தெரியாததும் காதில் ஏறும். வாரத்தில் எளிதாகத் தயாரிக்கக்கூடிய நாளும் இதுதான்.

புதன், ஓர் இடம். எனக்கு மிகவும் பிடித்த நாள், கொஞ்சம் அதிகமாகவே சொல்கிறேன். இங்கிலாந்தின் பர்மிங்காமை எடுங்கள். பிளாக் சாபத் ஆஸ்டனிலிருந்து வந்தது. பக்கத்து வெஸ்ட் ப்ராம்விச்சில் ஜூடாஸ் பிரீஸ்ட். மூடி ப்ளூஸ், எலெக்ட்ரிக் லைட் ஆர்க்கெஸ்ட்ரா, ஸ்டீவ் வின்வுட் என்று பட்டியல் நீளும். லெட் ஸெப்பெலினின் ராபர்ட் பிளான்ட்டும் ஜான் பானமும் அந்த வட்டாரத்துக்காரர்கள்தான். தகடு வெட்டும் தொழிற்சாலையில் வலது கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்த டோனி அயோமி, பிளாஸ்டிக்கை உருக்கி விரல் உறை செய்து வாசித்தார், பின்னர் கம்பிகளின் இறுக்கத்தையும் தளர்த்தினார். சாபத்தின் அந்தக் கனமான ஒலிக்குப் பின்னால் ஒரு தொழிற்சாலை நகரமே இருக்கிறது என்பதை ஒரு புதன்கிழமை சொல்லிவிட முடியும். அடுத்த வாரம் ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில். லினர்ட் ஸ்கினர்ட், மாலி ஹாட்செட், .38 ஸ்பெஷல் எல்லாம் அந்த ஊர். ஆல்மன் பிரதர்ஸ் குழு 1969இல் உருவானதும் அங்கேதான்.

இடம் என்பது ஊராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. ஒரு லாரியாகவும் இருக்கலாம். ரோலிங் ஸ்டோன்ஸ் தங்களுக்காகக் கட்டிய நடமாடும் ஒலிப்பதிவு வண்டியில்தான் லெட் ஸெப்பெலின் ஹெட்லி கிரேஞ்ச் வீட்டில் நான்காவது ஆல்பத்தின் பெரும்பகுதியைப் பதிந்தது. 1971 கோடையில் அதே வண்டி தென் பிரான்சில் கீத் ரிச்சர்ட்ஸ் வாடகைக்கு இருந்த வீட்டு வாசலில் நின்றது. அந்த டிசம்பரில் ஸ்விட்சர்லாந்தின் மோன்ட்ரூவுக்குப் போனது. டீப் பர்பிள் பதிவுசெய்ய இருந்த காசினோ, டிசம்பர் 4ஆம் தேதி ஃபிராங்க் ஸாப்பாவின் கச்சேரியின்போது எரிந்துபோனது. வண்டியை கிராண்ட் ஹோட்டலுக்கு ஓட்டிப்போய் அங்கே பதிந்தார்கள், ஏரியின் மேல் புகை பரவியதும் ஒரு பாட்டானது. 1975இல் பாப் மார்லியின் லண்டன் லைசியம் கச்சேரியும் அந்த வண்டியில் பதிவானதே. இன்று அது கனடாவின் கால்கரியில் தேசிய இசை மையத்தில் இருக்கிறது. இதை ஒரு மாலை நேரத் தீமாக வைத்துப் பாருங்கள்.

வியாழன், நீண்ட பாட்டுகள். முழு ஆல்பம் போட முடியாது என்றோமே, அதற்கு வழி இங்கே இருக்கிறது. எல்பி ரெக்கார்டின் ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டாக இருந்தால் அது ஒரு பாட்டாகத்தான் கணக்கு. பிங்க் ஃபிளாய்டின் 'எக்கோஸ்' 23 நிமிடத்துக்கு மேல். ரஷ் குழுவின் '2112' இருபது நிமிடம். யெஸ் குழுவின் 'க்ளோஸ் டு தி எட்ஜ்' பதினெட்டு நிமிடத்துக்கு மேல். மூன்று மணி நேரத்தில் இப்படி ஐந்தாறு போதும், நடுவில் எட்டு பத்து நிமிடப் பாட்டுகளை வையுங்கள்.

வெள்ளி, மேடை. தி ஹூ 1970 பிப்ரவரி 14 அன்று லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் வாசித்தது, டீப் பர்பிள் 1972 ஆகஸ்டில் ஒசாகாவிலும் டோக்கியோவிலும் வாசித்தது என்று பொருள் கொட்டிக் கிடக்கிறது. அதிகாரப்பூர்வமாக வெளிவந்த பதிவுகளை மட்டும் எடுங்கள், திருட்டுப் பதிவுகள் வேண்டாம்.

சனி, நேயர் விருப்பம். சட்டம் இதற்கும் ஒரு கோடு போட்டிருக்கிறது. கேட்ட ஒரு மணி நேரத்துக்குள்ளோ, சொல்லிவைத்த நேரத்திலோ போடும் பாட்டுகளே நிகழ்ச்சியின் பெரும்பகுதி என்று ஆகிவிட்டால் பொது உரிமம் பறிபோகும். அதனால் வாரம் முழுக்க விருப்பங்களைச் சேர்த்து, சனிக்கிழமைக்கு நீங்களே வரிசை அமையுங்கள். நேரம் குறித்து வாக்குக் கொடுக்காதீர்கள். 'எந்தப் பாட்டு வேண்டும்' என்று மட்டும் கேட்காமல் 'ஏன்' என்றும் கேளுங்கள். வரும் பதில்களே நிகழ்ச்சியின் உயிர்.

ஞாயிறு, வேர்கள். ராபர்ட் ஜான்சன் 1936 நவம்பரில் சான் அன்டோனியோவில் பதிந்த 'கிராஸ் ரோட் ப்ளூஸ்', அதன் பின்னாலேயே கிரீம் குழு 1968 மார்ச்சில் சான் ஃபிரான்சிஸ்கோ விண்டர்லேண்டில் வாசித்த வடிவம். 1927 மிசிசிப்பி வெள்ளத்தைப் பற்றி மெம்பிஸ் மின்னியும் கன்சாஸ் ஜோ மெக்காயும் 1929இல் பதிந்த 'வென் தி லெவீ பிரேக்ஸ்', அதன் பின் லெட் ஸெப்பெலின். இப்படி மூலமும் மறுவடிவமும் ஜோடி ஜோடியாக. ராக் உலகம் கறுப்பின ப்ளூஸ் கலைஞர்களிடம் பட்ட கடன் மிகப் பெரியது. அவர்களில் பலருக்கு வாழ்ந்த காலத்தில் உரிய பணமோ பெயரோ கிடைக்கவில்லை. வாரத்தில் ஒரு மாலையாவது அவர்கள் பெயரை முதலில் சொல்ல வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

கிழமை அட்டவணையை உடைக்கும் நாட்களும் உண்டு. ஆகஸ்ட் 15 முதல் 18 வரை வுட்ஸ்டாக் இசை விழாவின் நினைவு, டிசம்பர் 8 ஜான் லெனன் நினைவு. அமெரிக்காவில் நன்றி தெரிவிக்கும் நாளில் பல ராக் வானொலிகள் ஆர்லோ கத்ரியின் பதினெட்டரை நிமிடப் பாட்டைப் போடுவது ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. இப்படிப் பத்துப் பன்னிரண்டு தேதிகள் போதும். தினமும் யாரோ ஒருவரின் பிறந்தநாள் என்று போனால் கிழமைத் தீம் செத்துவிடும்.

படி 5: ஒரு மணி நேரத்தை வரையுங்கள்

வானொலிக்காரர்கள் ஒரு மணி நேரத்தை வட்டமாக வரைந்து, எந்த நிமிடத்தில் என்ன என்று குறிப்பார்கள். தீம் மணிக்கு இந்தக் கடிகாரம் சற்று மாறும்.

மணி தொடங்கும்போது ஸ்டேஷன் பெயரும் அன்றைய தீமும் ஒரே வாக்கியத்தில். அடுத்து எல்லோருக்கும் தெரிந்த வலுவான பாட்டு, புதிதாக வருபவரை உட்காரவைப்பது அதன் வேலை. அதன்பின் தெரியாத இரண்டு பாட்டு, பிறகு தெரிந்தது ஒன்று. இந்த ஒன்றுக்கு இரண்டு என்ற விகிதம் மணி முழுக்க ஓடட்டும். தெரியாத பாட்டு மூன்று தொடர்ந்து வந்தால் நேயர் நழுவுவார். இருபதாவது, நாற்பதாவது நிமிடங்களில் தீமை நினைவூட்டும் சின்ன ஜிங்கிள். இணைய வானொலிக்கு யாரும் மணியடித்தாற்போல் வருவதில்லை. 8:37க்கு வந்தவருக்கும் இது என்ன நிகழ்ச்சி என்று சீக்கிரம் புரிய வேண்டும்.

மணியின் கடைசிப் பாட்டை யோசித்து வையுங்கள். அடுத்த மணியின் முதல் பாட்டோடு அது எப்படி ஒட்டுகிறது என்று காதால் கேட்டுப் பாருங்கள். மென்பொருள் வரிசையை அமைக்கலாம், இந்த ஒட்டுதலை அமைக்காது.

படி 6: மென்பொருளில் ஏற்றுங்கள்

இணைய வானொலி நடத்தும் மென்பொருளான அஸூராகாஸ்ட் இலவசம், திறந்த மூலம், சின்ன ஸ்டேஷனுக்குப் போதும். உள்ளே பாட்டு வரிசையை ஓட்டும் லிக்விட்சோப், அதை நேயருக்கு அனுப்பும் ஐஸ்காஸ்ட் இரண்டும் வேலை செய்கின்றன. கிழமைக்கு ஒரு பிளேலிஸ்ட் உருவாக்கி, அதற்கு நாளும் நேரமும் குறியுங்கள். வழக்கமான சுழற்சி அடியில் எப்போதும் இருக்கட்டும், தீம் பட்டியலில் ஏதாவது கோளாறு வந்தாலும் வானொலி மௌனமாகாது. பகல் நேரத்தில் வரும் அந்த ஒற்றைத் தீம் பாட்டுக்கு, 'மணிக்கு ஒருமுறை' என்ற வகைப் பிளேலிஸ்ட் இருக்கிறது.

திங்களின் மாத வரிசை, ஞாயிறின் ஜோடிகள் போன்றவற்றுக்கு வரிசை மாறாமல் ஓடும் முறையைத் தேர்ந்தெடுங்கள். கலைஞர் திரும்ப வருவதைத் தடுக்கும் வசதி வழக்கமான சுழற்சிக்கு நல்லது, ஆனால் நான்கு பாட்டு வரம்பை அதுவே காப்பாற்றும் என்று விட்டுவிடாதீர்கள். தீம் தொடங்குவதற்கு முன்பு ஓடிய பாட்டுகளும் அந்த மூன்று மணி நேரக் கணக்கில் சேரும். மாலை 7:30க்குச் சுழற்சியில் ஒரு ஸ்டோன்ஸ் பாட்டு வந்திருந்தால், எட்டு மணித் தீமில் 10:30 வரை இடம் மூன்றுக்குத்தான்.

நேரம் குறித்த பிளேலிஸ்ட், ஓடிக்கொண்டிருக்கும் பாட்டு முடிந்த பிறகே தொடங்கும். 7:55க்கு ஒரு நீண்ட பாட்டு தொடங்கினால் தீம் 8:15க்குத்தான் வரும். 7:30க்குப் பின் ஐந்து நிமிடத்துக்கு உட்பட்ட பாட்டுகள் மட்டும் வரும்படி ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை மட்டும் பாட்டுகளை ஒன்றன்மேல் ஒன்று மங்கவைத்துச் சேர்க்கும் அமைப்பைக் குறைத்துவிடுங்கள், கைதட்டலின் மேல் இன்னொரு கைதட்டல் ஏறினால் கேட்கச் சகிக்காது.

128 கிலோபிட் எம்பி3 என்றால் ஒரு நேயருக்கு மணிக்கு 57.6 எம்பி. நூறு பேர் கேட்டால் மணிக்கு ஆறு ஜிபிக்குச் சற்றுக் குறைவு. சர்வர் வாடகைக்கு எடுக்கும்போது இந்தக் கணக்கைப் பாருங்கள்.

நேர மண்டலமும் முக்கியம். அமெரிக்கக் கிழக்குக் கடற்கரையில் கோடைக்கால வெள்ளி இரவு 8 மணி, சென்னையில் சனி காலை 5:30. அதே நிகழ்ச்சியை 12 மணி நேரம் கழித்து இன்னொரு முறை போட்டால் ஆசிய நேயர்களுக்கும் மாலையில் கிடைக்கும், நான்கு முறை வரம்புக்குள்ளும் அடங்கும்.

படி 7: பேசுங்கள், குறைவாக

இயந்திரம் போட்ட பட்டியலிலிருந்து உங்கள் வானொலியைப் பிரித்துக் காட்டுவது மனிதக் குரல். மணிக்கு மூன்று அல்லது நான்கு முறை, ஒவ்வொன்றும் முப்பது வினாடிக்குள். முன்பே பதிந்து, பாட்டுகளுக்கு நடுவே ஃபைலாக வைத்துவிடலாம்.

ஒரு நேரத்தில் ஒரு விஷயம் மட்டும் சொல்லுங்கள், அந்த விஷயம் பாட்டில் காதுக்குக் கேட்கக்கூடியதாக இருக்கட்டும். 'இந்த டிரம்ஸ் ஹெட்லி கிரேஞ்ச் வீட்டின் மாடிப்படி முற்றத்தில் வாசிக்கப்பட்டது, மைக் மேலே தொங்கியது' என்று சொல்லிவிட்டுப் பாட்டைப் போட்டால், நேயர் அந்த எதிரொலியைத் தேடிக் கேட்பார். எந்தப் பட்டியலில் எத்தனையாவது இடம், எத்தனை லட்சம் விற்றது என்பதெல்லாம் அவர் காதுக்கு எதையும் தருவதில்லை. பாட்டில் குரல் தொடங்குவதற்கு முன் பேச்சை முடியுங்கள். பாட்டின் முடிவில் வரும் கிடார் வாசிப்பின் மேல் ஒருபோதும் பேசாதீர்கள்.

சொல்லும் தகவலை இரண்டு இடத்தில் சரிபாருங்கள். ராக் உலகில் ரசிகர் கதைகள் ஏராளம், பாதி உண்மையில்லை.

படி 8: வைத்துக்கொள்வதும் மாற்றுவதும்

ஒரு கிழமைத் தீமுக்குக் குறைந்தது மூன்று மாதம் கொடுங்கள். முதல் சில வாரங்களின் எண்ணிக்கையை வைத்து முடிவெடுக்க வேண்டாம், பழக்கம் பிடிக்க நாளாகும். எத்தனை பேர் வந்தார்கள் என்பதை விட எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்பதைப் பாருங்கள். எட்டு மணிக்கு வந்தவர்களில் பலர் பத்து மணிக்கும் இருந்தால் தீம் வேலை செய்கிறது. குறிப்பிட்ட பாட்டில் பலர் சேர்ந்து வெளியேறியிருந்தால், பாட்டைக் குற்றம் சொல்லும் முன் அதற்கு முன்னால் என்ன ஓடியது என்று பாருங்கள். பெரும்பாலும் வரிசைதான் காரணம்.

போட்ட பட்டியல்கள் அனைத்தையும் தேதியோடு சேமித்து வையுங்கள். உரிமக் கணக்குக்கும் அது வேண்டும். அடுத்த வருடம் மறுபடி 1971க்கு வரும்போது, சென்ற முறை ஓடிய 36ஐ ஒதுக்கிவிட்டு அந்த அறுபதில் மிச்சமிருப்பதிலிருந்து தொடங்குங்கள். குறைகிற பத்துப் பன்னிரண்டு பாட்டுகளை, அதற்குள் நேயர்கள் எழுதி அனுப்பியதிலேயே தேடிக்கொள்ளலாம்.